வெந்நீர் மெஷினுக்கு ஓர் இடம்

அன்புள்ள நைனா,

நீ ஊருக்குத் திரும்பிப் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். “மெஷின் போடலாமா, வாணாமா? ஒரு வார்த்த சொல்லும்மா.” நானும் வாராவாரம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே வருகிறேன். போன வாரம் உனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஹீட் பம்ப் வைப்பதற்கு இவ்வளவு யோசனையா, எனக்குப் பெண் பார்த்தபோதுகூட நீ இவ்வளவு யோசிக்கவில்லையே என்றாய். உண்மைதான். ரேவதியைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது, அப்புறம் என்ன யோசனை. இந்த மெஷினும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. தடுத்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று. அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், பாதிப் பேச்சில் போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று கேட்பார், நீயும் ஜன்னல் வழியாக நியூசிலாந்து வானத்தைக் காட்டுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே. பள்ளிக்கூடத்தில் உன் கட்டுரை நோட்டில் இருந்ததெல்லாம் யார் கையெழுத்து என்று உனக்கும் தெரியும், உன் தமிழ் ஐயாவுக்கும் தெரியும்.

மார்கழியில் நீங்கள் வந்திருந்தபோது நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாத்ரூமில் இருந்த கீசர் நம் போர் தண்ணீரின் உப்பில் ஓட்டை விழுந்து போய்ச் சேர்ந்ததும், அதற்கு முன்பு இருந்ததும் அதே வியாதியில் போனதும் உனக்குத் தெரியும். புதிதாக வாங்காமல் நான் காலையும் மாலையும் அடுப்பில் குண்டானில் தண்ணீர் காய்ச்சி, இரண்டு பக்கமும் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அப்பா குளிக்கப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன் மகள் பாப்பா நடையில் தண்ணீரைச் சிந்தி வைத்திருந்தாள், எனக்குக் கால் வழுக்கியது, குண்டான் சாய்ந்தது. நல்லவேளை, பாதத்தோடு போயிற்று. நீ என் காலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு திட்டிய திட்டு இருக்கிறதே, தெருவே கேட்டிருக்கும். “இன்னாம்மா நீ, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்கேர்ந்து வர்றது” என்று கேட்டாய். நீ அழாமல் இருப்பதற்காகத்தான் திட்டுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்கு அதுகூடத் தெரியாதா. புண் ஆறிவிட்டது. தோல் மட்டும் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, வீடியோவில் காட்டு என்று கேட்காதே.

அன்று சாயங்காலம்தான் நீ அந்த மெஷினைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தாய். பின்வீட்டுத் தனம் அக்காவும் அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது இல்லையா, அதேபோல இந்த மெஷின் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும், தண்ணீர் தொட்டியில் எந்நேரமும் சூடாக நிற்கும், கீசரைப்போலக் கரண்டைக் குடிக்காது என்றாய். உன் அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டார். “வெளிய கீற காத்துல இருந்தா? நம்ம மணலி காத்துல இருந்தா?” ஆமாம் என்றாய். “இத்தினி வருசமா அந்தக் காத்து என் நெஞ்சுலதான் வேல செஞ்சிகினு இருந்திச்சு. இப்பவாச்சும் உருப்படியா ஒரு வேல செய்யட்டும்” என்றார். தனம் அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தேகங்கள் உண்மையான சந்தேகங்கள்தான், சாக்கு இல்லை. குளிர் ஊரில் வீட்டையே சூடாக்க வைத்திருக்கும் சாமான் வெயில் ஊரில் எதற்கு? சித்திரை பிறந்தால் ஆவணி வரைக்கும் நம் மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே கொதிக்கிறது, பகலில் குழாயைத் திறந்தால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைக் குளிர வைக்க ஒரு மெஷின் இருந்தால் சொல்லு என்றேன். நீ பொறுமையாக விளக்கினாய். காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மெஷினுக்கு வேலை சுலபம், எங்கள் ஊரில் பனியில் நின்று அது படும் பாட்டைப் பார்த்தால் இங்கே அதற்கு லீவு விட்ட மாதிரி என்றாய். சோலார் போடலாமே என்றேன். காலையில் துடைத்த கொடிக்கம்பி மாலைக்குள் விரலைக் கறுப்பாக்கும் இந்த ஊரில் அதை யார் தினமும் ஏறித் துடைப்பது என்றாய். அதுவும் சரிதான். வெந்நீர் மிகவும் வேண்டியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சூரியனையே காண முடியாது. என் ஒருத்திக்காக என்றால் வேண்டவே வேண்டாம் என்று முடித்திருப்பேன். பச்சைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். ஆனால் இது அப்பாவின் சமாச்சாரம்.

அவருக்கும் வெந்நீருக்கும் உள்ள உறவு நீ பார்த்து வளர்ந்ததுதான். அவர் வேலை பார்த்த உர ஆலையில் ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு அண்டா அடுப்பில் ஏறும். சைக்கிளைச் சாத்திவிட்டு நேராகப் பின்பக்கம் போய்விடுவார். வெந்நீரில் சிவப்பு சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து முடிக்கிற வரைக்கும் வீட்டுக்குள் காலை வைக்க மாட்டார், எதையும் தொட மாட்டார். நீ நடக்கப் பழகின புதிதில் ஒருநாள் அப்பா என்று கத்திக்கொண்டு அவர் காலைக் கட்டிக்கொள்ளப் பின்பக்கம் ஓடினாய். உடம்பெல்லாம் உரத்தூளோடு நின்ற மனிதர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு துவைகல்லைச் சுற்றிச் சுற்றி உன்னிடமிருந்து ஓடினார். நீ அதை விளையாட்டு என்று நினைத்துத் துரத்தினாய். அவர் முகத்தில் இருந்த பயத்தை நான்தான் பார்த்தேன். குளித்து, சட்டை மாற்றி, முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்த பிறகுதான் உன்னைத் தூக்கினார். இப்போது அந்த மனிதருக்கு இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கைவிரல்கள் மடங்கியே கிடக்கின்றன. நல்ல வெந்நீர் பட்ட பிறகு மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. அந்த நேரத்துக்குள் அவசர அவசரமாகத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். நான் உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போயிருந்தால் அன்றைக்குப் பொத்தானும் கிடையாது, பேச்சும் கிடையாது. அதனால்தான் குண்டானைத் தூக்கிக்கொண்டு நான் அப்படி ஓடிக்கொண்டிருந்தேன்.

இனி தனம் அக்கா கதையைச் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் இவ்வளவு நாள் சொல்லாததற்குக் காரணம், நீ சிரிப்பாய். நீ பாடம் எடுத்ததை அவள் அப்படியே மருமகனிடம் போய் ஒப்பித்தாள். அவர் தை மாதத்திலேயே ஒரு மெஷினை வாங்கி அவள் மாடியில் வைத்துவிட்டார். வைத்த மறுநாளே தனம் அக்கா என் தையல் மெஷின் முன்னால் வந்து நின்றாள். “புது மிஷினு, தளதளன்னு கீது. நம்ம ஊரு உப்புக்காத்துக்கும் தூசிக்கும் எத்தினி நாளு தாங்கும் சொல்லு. நல்லதா ஒரு கவர் தெச்சிக் குடு.” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் வேறு எப்படி நினைப்பேன்? இந்தத் தெருவில் நான் கவர் தைத்துக் கொடுக்காத பொருள் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு, மிக்சிக்கு, டிவிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, பைக் சீட்டுக்கு, மழைக்காலத்தில் தைக்கும் பெரிய தார்ப்பாய் உறைகள் வேறு. கடலிலிருந்து உப்பும் மணலியிலிருந்து புகையும் வரும் ஊரில் எதை வாங்கினாலும் முதல் வேலை மூடி வைப்பதுதான். அந்தக் காசில்தானே நீ டிப்ளமோ படித்தாய். கெட்டி ரெக்சின் எடுத்து, ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்து, பக்கவாட்டில் ஜிப் வைத்து, ஒரு ஈ நுழைய முடியாதபடி தைத்தேன். மாட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு கோட்டு போட்ட மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு வாரத்தில் தனம் அக்கா வீட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக வர ஆரம்பித்தது, அப்புறம் பச்சைத் தண்ணீரே வந்தது, மெஷின் மட்டும் எந்நேரமும் உறுமிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், மருமகன் ஏமாந்துவிட்டான் என்று அவள் ஊரைக் கூட்டினாள். மெக்கானிக் வந்தபோது நானும் மாடியில் இருந்தேன். அவர் கவரைத் தடவிப் பார்த்தார். “யாருக்கா இவ்ளோ சூப்பரா தெச்சது?” என்றார். “இவதான். இந்த ஏரியாவுல இவள அட்ச்சிக்க ஆளே இல்ல” என்று தனம் அக்கா என்னை முன்னால் தள்ளினாள். “நல்லாத்தான் கீது. ஆனா மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓட்றான்னா அது எப்டிக்கா ஓடும்?” என்றார் அவர். நீ அன்றைக்கு எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாய், காற்றை உள்ளே இழுத்துத்தான் வேலை செய்யும் என்று. நானும் கேட்டுத் தலையாட்டினேன். இருந்தும் என் கை பழகின வேலையைத்தான் செய்தது. கவரைக் கழற்றினதும் மெஷின் பெருமூச்சு விட்ட மாதிரி ஓட ஆரம்பித்தது. சூட்டை எடுத்துக்கொண்டு அது வெளியே விடும் காற்று குளுகுளுவென்று இருக்கிறது, தனம் அக்கா இப்போது அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறாள். குளியலறையில் நல்ல வெந்நீர். உப்புக்காற்றுக்கு என்ன செய்வது என்று நானே கேட்டேன். மேல்பூச்சு உள்ள மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும், கடல் காற்று நேராக அடிக்காத இடமாக வைக்க வேண்டும், அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், மூடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். என் சந்தேகமெல்லாம் அன்றோடு தீர்ந்தது. அந்த வாரமே உனக்குச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாததற்குக் காரணம் அந்த மெக்கானிக் அடுத்ததாக நம் வீட்டுக்கு வந்ததுதான். இடம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நானே கூட்டிவந்தேன். மாடிக்கு ஏறி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பாத்ரூமுக்கு நேர்மேலே இருக்கும் மூலையில் போய் நின்றார். “இதான்கா கரெக்டான எடம். பைப்பு நீளம் கம்மி, சுத்தி காத்து, கடல் பக்கத்த தண்ணித் தொட்டி மறைச்சிக்குது. இந்தக் கம்பிங்கள மட்டும் கட் பண்ணிட்டு ஒரு மேடை போட்டா முடிஞ்சிது” என்றார். தூண்களிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைச் சொன்னார், நைனா. உன் மாடிவீட்டுக்காக விட்டு வைத்திருக்கும் கம்பிகள். கீழே வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, “இன்னாவாம்?” என்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கை அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

திருவொற்றியூர் பக்கம் சொந்தமாக வீடு கட்டியவர்கள் யாரும் மாடியில் கம்பியை நீட்டிவிடாமல் விட்டதில்லை. யாருக்கு என்று கேட்டால் பையனுக்கு என்பார்கள். நம் வீடு கட்டும்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். காங்கிரீட் காய்ந்த உடனே சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மேலே போய் இது என் ரூம், இது அம்மாவின் தையல் ரூம் என்று தரையெல்லாம் கோடு போட்டாய். மழைக்காலம் முடிந்ததும் அப்பா ஒவ்வொரு வருஷமும் மேலே ஏறிக் கம்பிகளுக்கு ஆயில் தடவுவார். நான் சும்மா இருப்பேனா, ஒவ்வொரு கொத்துக்கும் ரெக்சினில் உறை தைத்து நாடா வைத்துக் கட்டினேன். கம்பிக்குக்கூடச் சட்டையா என்று நீ காலேஜ் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது ஏர்போர்ட்டில், “அஞ்சு வருசம்மா, அப்பால வந்து மேல வூட்டக் கட்டிடறேன்” என்றாய். அந்த ஐந்து வருஷம் எப்போது முடிந்தது என்று நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பாவால் படி ஏற முடியாமல் போன பிறகும், மழை விட்டதும், “கம்பிக்கு ஆயில் வெச்சியா?” என்று கேட்பார். நான் ஏறிப் போய் வைப்பேன்.

இப்போது நீ உட்கார்ந்துகொள். மார்கழியில் ஒருநாள் துணி காயப்போட நானும் பாப்பாவும் மாடிக்குப் போனோம். கம்பியைக் காட்டி இது என்ன பாட்டி என்றாள். இங்கேதான் உங்கள் வீடு வரப்போகிறது என்றேன். “நாங்கதான் வீடு வாங்கிட்டோமே பாட்டி. இன்னும் போகல. என் ரூமுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சாச்சு” என்றாள். சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நீ சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாயாம். அவளைத் திட்டாதே. குழந்தை எத்தனை நாள்தான் ஒரு சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருப்பாள். அன்றிலிருந்து நீ கிளம்பும் வரைக்கும் நான் காத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது சொல்வாய், எண்ணெய் தேய்த்துவிடும்போது சொல்வாய் என்று பார்த்தேன். ஏர்போர்ட்டில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நீ பேசியதெல்லாம் வெந்நீர் மெஷினைப் பற்றித்தான். இது நீ வராததற்குப் பதிலாக அனுப்பும் மெஷின் என்று அப்போது எனக்குப் புரிந்தது. வலித்தது, நைனா. வீடு வாங்கியதற்காக இல்லை. நல்ல காரியத்தைத் திருட்டுத்தனம் போல எங்களிடம் மறைக்கும்படி ஆகிவிட்டதே என்று வலித்தது. அந்த மெஷின் வேறு எங்கும் நிற்காமல் அந்த மூலையில்தான் நிற்பேன் என்றதும் எனக்கு அதன் மேலேயே கோபம் வந்தது. அப்பாவிடமும் சொல்லவில்லை. ஒரு கம்பியை நம்பி உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எதைச் சொல்ல?

போன வியாழக்கிழமை மாடி பெருக்கப் போனவள் என்னவோ தோன்றி, அந்த மூலைக் கம்பியின் உறையை அவிழ்த்துப் பார்த்தேன். மேலே ஆயில் மினுமினுப்பு இருந்தது. அடியில், தூணோடு சேரும் இடத்தில், என் ரெக்சினுக்குள் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நின்று நின்று, கம்பி அப்பளமாக உரிந்து வந்தது. தூணும் விரிசல் கண்டிருந்தது. உரிந்ததை முந்தானையில் எடுத்துக்கொண்டு கீழே வந்து அப்பாவிடம் காட்டினேன். அப்போதுதான் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாமே இது?”

“மாடிக் கம்பி. நான் தெச்ச ஒறதான் கெடுத்துட்சி.”

அவர் அதை நல்ல கையால் தேய்த்துப் பார்த்தார். பொடியாகக் கட்டிலில் உதிர்ந்தது. “நீ இன்னா செய்வ” என்றார். பொடியைக் கட்டிலிலிருந்து தட்டிவிட்டு, “வெட்டிடச் சொல்லு. மிஷின அங்கயே வெக்கச் சொல்லு” என்றார். மெக்கானிக் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். காதில் விழுந்ததாம். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் இன்னாவாம் என்று கேட்டிருக்கிறார்.

“அவன் வந்தா?” என்றேன்.

“அவன் வர மாட்டான்மே.” இன்றைக்கு பஸ் வராது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“பாப்பா பொறந்தப்பவே தெரியும்.”

“அப்பறம் எதுக்கு வருசா வருசம் என்னை மேல ஏத்தி ஆயில் வெக்கச் சொன்ன?”

“நீ நம்பிகினு இருந்தியே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவருக்காக உறை தைத்துக்கொண்டிருந்தேன், அவர் எனக்காக ஆயில் தடவச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் தன் இடது கையை மெதுவாக நகர்த்தி என் முழங்காலில் வைத்தார். அப்போது நீ வீடு வாங்கியதைச் சொன்னேன். “எத்தினி ரூம்பாம்?” என்றார். தெரியாது, பாப்பாவுக்கு மஞ்சள் அறையாம் என்றேன். “சொல்லிருக்கலாமே பையன்” என்றார். “தெருவுக்கே ஸ்வீட்டு வாங்கிக் குடுத்திருப்பேனே.”

அவர் குறைப்பட்டுக்கொண்டது அவ்வளவுதான். அதையும் நான் உன்னிடம் மறைக்கவில்லை. உன் சந்தோஷத்தை மறைத்தால் எங்களுக்கு வருத்தம் குறையும் என்று நீ நினைத்தாய். அப்படிக் குறையாது. நீ தனியாகச் சுமக்கிறாயே என்ற வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. நாளைக்குப் பாப்பா வளர்ந்து உன்னிடம் எதையாவது சொல்லத் தயங்கி நிற்கும்போது நீயே போய்க் கேட்டுவிடு, என்னைப்போல ஏர்போர்ட் வரைக்கும் காத்துக்கொண்டிருக்காதே. திரும்பி வருகிறேன் என்று சொன்ன வார்த்தைக்காக இனிமேல் வருத்தப்படாதே. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். நீ சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாய், நாங்களும் உண்மையாகத்தான் சந்தோஷப்பட்டோம். அது போதும் எங்களுக்கு.

உன் கேள்விக்கு இப்போது பதில். மெஷின் வைக்கலாம். மேல்பூச்சு உள்ள மாடலாகப் பார்த்து வை, தொட்டி இரண்டு பேருக்குப் போதுமான அளவில் இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு அதையும் தின்றுவிடாதபடி மெட்ரோ தண்ணீர் லைனைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். கரண்ட் போனாலும் தொட்டியில் சூடு நிற்குமாம், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். மெஷினுக்காக ஒரு மூலைக் கம்பியை மட்டும் வெட்டினால் போதும், ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “ஒண்ண வெட்டிட்டு மூண வுட்டு வெச்சா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? எல்லாத்தையும் வெட்டி சிமெண்ட்டு பூசச் சொல்லு, தூணு நல்லா இருக்கணும் இல்ல” என்கிறார். அவர் சொல்வதும் சரி. நாங்கள் இருக்கப்போவது இந்த வீட்டில்தானே, அதன் தூண்கள் எங்களுக்கு வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வராததற்கு ஈடாக அனுப்புகிறேன் என்று நினைத்து இந்த மெஷினை அனுப்பாதே. அப்பாவின் கைக்கு வெந்நீர் வேண்டும், அதற்காக அனுப்பு.

அந்த வீட்டுக்குக் குடிபோகும் நாளை எங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய். நான் காலண்டரில் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன். ரேவதியைப் புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சச் சொல், பொங்கி வழியும்போது வீடியோவில் எங்களைக் கூப்பிடு. உங்கள் விடியற்காலை எங்களுக்கு ராத்திரியாகத்தான் இருக்கும். அம்மா தூங்கியிருப்பாள், அப்பாவுக்கு உடம்பு முடியாது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்துவிடாதே. எந்த நேரமானாலும் இங்கே வெந்நீர் இருக்கும். நாங்கள் குளித்து, அப்பா சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, போன் முன்னால் உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
உன் அம்மா